இந்தோனேசிய இளைஞர் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவோ வேலைக்கோ இந்தோனேசியா போகிறவர்களும், பாலியைத் தாண்டி ஊர் பார்க்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். சொல்வதில் பெரும்பகுதி ஜாவாத் தீவின் நகரங்களுக்குப் பொருந்தும்; அச்சேயிலோ பாப்புவாவிலோ கதை வேறு. விலைகள் ரூப்பியாவில். இந்திய ரூபாய்க்குத் தோராயக் கணக்கு: கடைசி மூன்று சுழியங்களைத் தள்ளிவிட்டு ஐந்தால் பெருக்குங்கள். 20,000 ரூப்பியா என்றால் ஏறக்குறைய 100 ரூபாய்.

எப்போது பார்த்தாலும் நொங்க்ரோங், நொங்க்ரோங் என்கிறார்களே, அது என்ன?

எந்தக் காரியமும் இல்லாமல் கூடி உட்கார்ந்திருப்பது. நான்கைந்து பேர், ஆளுக்கொரு பானம், இரண்டு மூன்று மணி நேரம். நம்மூர் டீக்கடை பெஞ்சு போலத்தான். ஆனால் அங்கே பெண்களும் சமமாக உட்காருவார்கள், இரவு பதினொரு மணிக்கும் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

இடம் பணத்தைப் பொறுத்தது. கையில் ஒன்றும் இல்லையென்றால் இந்தோமாரெட், அல்ஃபாமார்ட் மினிமார்க்கெட்டுகளின் வாசலில் போட்டிருக்கும் நாற்காலி. கொஞ்சம் இருந்தால் வார்கோப் எனப்படும் காப்பிக்கடை: பாக்கெட் காப்பி, முட்டை உடைத்து ஊற்றிய இந்தோமீ நூடுல்ஸ். யோக்யகார்த்தாவில் ஆங்க்ரிங்கான் என்ற தள்ளுவண்டி. அதில் ஒரு பிடி சோறும் நெத்திலிச் சம்பலும் வாழை இலையில் மடித்த நாசி கூச்சிங், குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்குடல் சாத்தே, இஞ்சிப் பானம். தூகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வண்டிகளில் கனன்றுகொண்டிருக்கும் கரித்துண்டைக் காப்பிக்குள் போட்டுத் தருவார்கள். 'ஜோஸ்' என்று சீறும், அதுவே அதன் பெயர்.

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கீழே வரும் உடை, ஓட்டம், மலையேற்றம் எல்லாமே இந்தக் கூட்டம் சேர்ந்து செய்பவை. தனி ஆளாக அந்த ஊர்ப் போக்குகளைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் பாதிதான் புரியும்.

மூலைக்கு மூலை பால் காப்பிக் கடை. திடீரென்று இவ்வளவு எப்படி வந்தன?

எஸ் கோப்பி சூசு கூலா ஆரென் என்பது ஐஸ், பால், அடர் காப்பி, ஆரென் என்ற பனை வகையின் வெல்லப்பாகு நான்கும் சேர்ந்தது. 2015-இல் தெற்கு ஜகார்த்தாவின் சிப்பெத்தேயில் தொடங்கிய தோக்கோ கோப்பி தூக்கு என்ற சிறிய கடை இதைப் பிரபலமாக்கியது. 2017-இல் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ அங்கே போய்க் காப்பி குடித்தது செய்தியானது. அதே 2017-இல் கோப்பி கெனாங்கான், 2018-இல் ஜாஞ்சி ஜிவா. கோப்பி கெனாங்கான் 2021 இறுதிக்குள் நூறு கோடி டாலர் மதிப்புள்ள நிறுவனமாகிவிட்டது.

விலையில்தான் சூட்சுமம். அதற்கு முன் ஒரு பக்கம் 5,000 ரூப்பியா பாக்கெட் காப்பி, மறுபக்கம் 50,000-க்கு வெளிநாட்டுக் கடைக் காப்பி. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் 18,000 முதல் 25,000 வரை விலை வைத்தார்கள். உட்கார இடம் வேண்டாம், ஒரு ஜன்னல் போதும். கோஜெக், கிராப் செயலிகளின் ஓட்டுநர்கள் வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள்.

அதை வீட்டில் போட முடியுமா? ஆரென் வெல்லம் இங்கே கிடைக்காதே.

நல்ல கருப்பட்டி போதும். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கித்துள் வெல்லம் இன்னும் நெருக்கமாக இருக்கும். 200 கிராம் வெல்லத்தைச் சீவி, 150 மி.லி. தண்ணீர், ஒரு ரம்பை இலை, ஒரு சிட்டிகை உப்புடன் சிறு தீயில் கரையவிடுங்கள். கரைந்ததும் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். கம்பிப் பதம் வரை விட்டால் ஐஸில் பட்டதும் கட்டியாகி அடியில் ஒட்டிக்கொள்ளும். கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டாமல் விடாதீர்கள்.

ஒரு தம்ளருக்கு 25 மி.லி. பாகு, தம்ளர் நிறைய ஐஸ், 120 மி.லி. குளிர்ந்த கொழுப்பு நீக்காத பால், மேலே 40 முதல் 50 மி.லி. கெட்டி டிகாஷன். வரிசை முக்கியம்: பாகு, ஐஸ், பால், கடைசியில் காப்பி. பாகும் டிகாஷனும் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடாக ஊற்றினால் ஐஸ் உருகித் தண்ணீராகிவிடும். சூடான பாலில் வெல்லத்தைச் சேர்த்தால் பால் திரியவும் கூடும். சிக்கரி கலந்த தூளைத் தவிர்த்துவிடுங்கள், வெல்லத்தின் வாசனையை அது அமுக்கிவிடும். ரொபஸ்டா கலந்த தூள் என்றால் நல்லது, இவ்வளவு பாலுக்கும் இனிப்புக்கும் அந்தக் கசப்பு வேண்டும்.

மாணவர்கள் தங்குவது ஹாஸ்டலிலா? கோஸ் என்கிறார்களே?

கோஸ் என்பது மாத வாடகைக்குக் கிடைக்கும் தனி அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி, சில இடங்களில் பொதுச் சமையலறை. பெண்களுக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும், இருவருக்கும் என மூன்று வகை உண்டு. யோக்யகார்த்தாவில் ஐந்து லட்சம் ரூப்பியாவிலிருந்தே கிடைக்கும். ஜகார்த்தாவில் குளியலறையும் ஏசியும் உள்ளே இருந்தால் பதினைந்து முதல் இருபத்தைந்து லட்சம் ஆகும்.

முன்பணம் தருவதற்கு முன் கேட்க வேண்டியவை: குளியலறை உள்ளேயா வெளியேயா, இரவு வாசல் எத்தனை மணிக்கு மூடும், விருந்தினர் வரலாமா, மின்சாரம் வாடகையில் சேர்த்தியா. கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் மின்சாரம் முன்பணக் கணக்கு. செல்பேசியில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று வரும், அதை மீட்டரில் தட்ட வேண்டும். இருப்பு குறைந்தால் மீட்டர் கூவ ஆரம்பிக்கும். நள்ளிரவில் கோஸ் வராந்தாவில் கேட்கும் அந்தக் 'கீங் கீங்' சத்தம் யார் அறையிலிருந்து வருகிறது என்பது வாட்ஸ்அப் குழுவில் பெரிய பஞ்சாயத்தாகும்.

அறை சிறியது, விருந்தினருக்குத் தடை. ஆகவேதான் எல்லாரும் வெளியே போய் உட்காருகிறார்கள். முதல் கேள்விக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது.

சம்பளம் குறைவு என்கிறார்கள், ஆனால் தினமும் காப்பிக் கடையில் இருக்கிறார்கள். எப்படிக் கட்டுப்படியாகிறது?

எல்லாருக்கும் ஆவதில்லை. 2025-க்கான குறைந்தபட்ச மாதச் சம்பளம் ஜகார்த்தாவில் சுமார் 54 லட்சம் ரூப்பியா, யோக்யகார்த்தா மாகாணத்தில் சுமார் 22.6 லட்சம். நாளுக்கு 20,000 ரூப்பியா காப்பி என்றால் மாதம் ஆறு லட்சம். ஜகார்த்தாக்காரருக்கு அது ஒன்பதில் ஒரு பங்கு, யோக்யகார்த்தாக்காரருக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஆங்க்ரிங்கான் வண்டிகள் அந்த ஊரில் இன்னும் நிலைத்து நிற்பது வெறும் பழமைப் பற்றினால் இல்லை.

மாதக் கடைசியை 'தங்கால் துவா' என்பார்கள், அதாவது முதிய தேதி. அப்போது கூட்டம் கடையிலிருந்து மினிமார்க்கெட் வாசலுக்கு நகரும். ஒரு காப்பியை வாங்கி நான்கு மணி நேரம் உட்கார்வதைக் கடைக்காரர்களும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். பில்லை அவரவர் கட்டுவதுதான் வழக்கம். பிறந்தநாள்காரரும் புதிதாக வேலை கிடைத்தவரும் மட்டும் விதிவிலக்கு, அவர்கள் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும்.

பேலேட்டர் என்கிறார்கள், பின்ஜோல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பேலேட்டர் என்பது கடைச் செயலிக்குள்ளேயே தரப்படும் தவணைக் கடன். பின்ஜோல் என்பது இணையத்தில் வாங்கும் ரொக்கக் கடன். இதில் நிதிச் சேவை ஆணையமான ஓஜேகேயின் உரிமம் பெற்றவையும் உண்டு, பெறாதவையும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை: உரிமம் பெற்ற செயலி உங்கள் செல்பேசியில் கேமரா, மைக், இருப்பிடம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அனுமதி கேட்கலாம். தொடர்புப் பட்டியலையோ புகைப்படங்களையோ கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தவணை தவறினால் உங்கள் அலுவலகத்துக்கும் அத்தைக்கும் மிரட்டல் செய்தி போவது அந்தப் பட்டியலை வைத்துத்தான்.

பேலேட்டரில் பொறி வேறு மாதிரி. சின்னத் தொகைதானே என்று விட்ட நிலுவையும் ஓஜேகேயின் கடன் வரலாற்றுப் பதிவில் ஏறும். சில வருடம் கழித்து வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி அதைக் காட்டித் திருப்பி அனுப்பும்.

அன்றாடப் பணப் பரிமாற்றம் க்ரிஸ் என்ற பொதுக் கியூஆர் குறியில் நடக்கிறது. மத்திய வங்கி 2019 ஆகஸ்ட் 17-இல் அறிமுகப்படுத்தியது, தள்ளுவண்டியிலும் ஒட்டியிருக்கும். உள்ளூர்க் கணக்கு திறக்கும்வரை கையில் சில்லறை ரொக்கம் வைத்திருங்கள்.

பழைய துணி வாங்குவது ஃபேஷனாமே. ஆனால் சட்டவிரோதம் என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?

இரண்டும். பயன்படுத்திய துணியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்குத் தடை. 2021-இன் 18-ஆம் எண் வர்த்தக அமைச்சர் ஆணையிலும் 2022-இன் 40-ஆம் எண் திருத்தத்திலும் இது தெளிவாக இருக்கிறது. உள்ளூர் நெசவு, தையல் தொழிலைக் காப்பது ஒரு காரணம், சுகாதாரம் மற்றொன்று. 2023-இல் மூட்டை மூட்டையாகப் பிடித்து எரித்தார்கள். ஆனாலும் ஜகார்த்தாவின் செனென் சந்தையும் பண்டுங்கின் கெடெபாகேயும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. தடை கொண்டுவருகிறவர் மேல். வாங்கிப் போடுகிறவரை யாரும் பிடிப்பதில்லை.

வாங்குவதென்றால் மூட்டை பிரிக்கும் நாளில் காலையிலேயே போங்கள். அந்த நாளைக் கடைகள் இன்ஸ்டாகிராமில் போடும். ஹேங்கரில் மாட்டியது பொறுக்கியெடுத்த சரக்கு, விலை அதிகம். தரையில் குவித்தது மலிவு, பொறுமை வேண்டும். சட்டையில் அக்குளும் கழுத்துப் பட்டையும், ஜீன்ஸில் தொடை உள்பக்கமும் ஜிப்பும், ஜாக்கெட்டில் உள்துணியும் பாருங்கள். ரெக்ஸின் பூச்சு விரலில் ஒட்டினால் வேண்டாம், ஈரக் காற்றில் அது உரிந்துகொண்டே இருக்கும். பழைய ஓட்டக் காலணிகளும் அப்படித்தான்: பார்க்கப் புதிது போலிருக்கும், பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரப்பதத்தில் உள்ளுக்குள் மக்கியிருக்கும், பத்தாவது அடியில் தூளாகும்.

வீட்டுக்கு வந்ததும் மற்றத் துணியோடு சேர்க்காமல், பருத்தியை 60 டிகிரி வெந்நீரில் சோப்புத்தூளோடு அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கம்பளியை அப்படிச் செய்தால் குழந்தைச் சட்டையாகிவிடும். அதை உலர் சலவைக்குக் கொடுப்பதே வழி. பூஞ்சை வாசனை இரண்டு துவைப்புக்குப் பிறகும் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள், போகாது.

சித்தாயம் ஃபேஷன் வீக் உண்மையிலேயே ஃபேஷன் ஷோவா?

இல்லை. 2022 நடுவில் தெப்போக், போஜோங்கெடே, சித்தாயம் போன்ற புறநகர்களிலிருந்து பதின்வயதுப் பிள்ளைகள் மின்சார ரயிலேறி மத்திய ஜகார்த்தாவின் டூக்கு ஆத்தாஸுக்கு வந்து கூடினார்கள். நடைபாதை புதிது, பின்னணியில் உயர்ந்த கட்டடங்கள், படமெடுக்கக் கட்டணமும் இல்லை. அங்கிருந்த வரிக்குதிரைக் கோட்டுப் பாதசாரிக் கடவை அவர்களுக்கு மேடையானது. ரயில் கட்டணம் முதல் 25 கி.மீ.-க்கு 3,000 ரூப்பியா, பிறகு ஒவ்வொரு 10 கி.மீ.-க்கும் 1,000. அந்த மலிவுக் கட்டணம் இல்லையென்றால் இந்த நிகழ்வே இல்லை. போட்டிருந்ததும் பெரும்பாலும் மேலே சொன்ன சந்தைச் சரக்கும் மலிவு நகல்களும்தான்.

பிறகு மாடல்களும் பிரபலங்களும் அரசியல்வாதிகளும் அதே கோட்டில் நடக்க வந்தார்கள். ஒரு நடிகரின் நிறுவனம் அந்தப் பெயரைத் தன் வணிகக் குறியீடாகப் பதிய விண்ணப்பித்து, கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெற்றது. போக்குவரத்து நெரிசலைக் காட்டி அதிகாரிகள் கூட்டத்தைக் கலைக்க, சில வாரங்களில் அடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு வேண்டியது உட்கார ஓர் இடம். அது கிடைத்த சில வாரங்களில் எத்தனை பேர் பங்கு கேட்டு வந்தார்கள் என்பதைத்தான் இதில் கவனிக்க வேண்டும்.

பேசும்போது யாரை எப்படிக் கூப்பிடுவது? பாடப்புத்தக இந்தோனேசியம் அங்கே செல்லவில்லையே.

கடைக்காரர், ஊழியர், இணையக் கடை என்று யாராயிருந்தாலும் 'காக்' போதும், ஆண் பெண் பேதமில்லை. ஜாவாவில் இளைஞனை 'மாஸ்', இளம்பெண்ணை 'ம்பாக்'. வயதில் மூத்தவர்களுக்கு 'பாக்', 'பூ'. ஜகார்த்தா நண்பர்கள் தங்களுக்குள் 'குவே' (நான்), 'லோ' (நீ) என்பார்கள்; அதை யோக்யகார்த்தாவில் முதல் சந்திப்பிலேயே பயன்படுத்தினால் திமிர் பிடித்தவர் என்று நினைப்பார்கள். அங்கே 'நான்' என்பதற்கு 'ஆக்கு' பாதுகாப்பு. தெற்கு ஜகார்த்தாப் பிள்ளைகள் வாக்கியத்துக்கு வாக்கியம் ஆங்கிலம் கலப்பது நாடு முழுக்கக் கேலிக்குரிய விஷயம். கேலி செய்கிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்பது வேறு.

இவ்வளவு நவீனம் என்றால் மதப்பற்று குறைந்துவிட்டதா?

குறையவில்லை. ஒரே பெண் ஹிஜாபும் கொரிய இசைக்குழு ரசிகர் மன்றமும் அலைபேசி விளையாட்டுப் போட்டியும் சிக்கலில்லாமல் வைத்திருப்பாள். ரமலான் மாதத்தில்தான் நொங்க்ரோங் உச்சத்தில் இருக்கும். நோன்பு திறக்கும் சிற்றுண்டிகளை வாங்க மாலை நான்கு மணிக்கே தெருவுக்கு வருவார்கள். 2024-இல் நோன்பில்லாத மற்ற மதத்தவர்கள் முன்கூட்டியே போய் எல்லாவற்றையும் வாங்கித் தீர்ப்பதை 'சிற்றுண்டிப் போர்' என்று இருதரப்பும் சிரித்துக்கொண்டே கொண்டாடின.

அந்த மாதத்தில் பழைய வகுப்புத் தோழர்கள் கூடி நோன்பு திறப்பது 'புக்பெர்'. ஏற்பாடு செய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தால்: இரண்டு வாரம் முன்பே மேசை பதியுங்கள், ஆளுக்கு முன்பணம் வாங்காமல் பெயர் எழுதாதீர்கள் (வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள்), உணவை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். எல்லா மேசைக்கும் ஒரே நிமிடத்தில் பசிக்கும் ஒரே மாதம் அது. தொழுகையறை எவ்வளவு பெரியது என்றும் கேளுங்கள். மக்ரிப் எனப்படும் அந்தித் தொழுகையின் நேரம் குறுகியது, வரிசை நீண்டால் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

காதல், டேட்டிங் எல்லாம் எப்படி? வெளிநாட்டுக்காரருக்குப் பிரச்சினை வருமா?

சனிக்கிழமை இரவு ஜோடிகளின் இரவு. சேர்ந்து சுற்றுவது, சினிமா, காப்பிக் கடை எல்லாம் சாதாரணம். சேர்ந்து தங்குவது சாதாரணம் இல்லை. 2026 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம் திருமணத்துக்கு வெளியேயான உறவையும் சேர்ந்து வாழ்வதையும் குற்றமாக்குகிறது; ஆனால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் புகார் கொடுத்தால் மட்டுமே வழக்கு. நடைமுறையில் சட்டத்துக்கு முன்பே கோஸ் உரிமையாளரம்மாவும் தெருப் பொறுப்பாளரும் வந்துவிடுவார்கள்.

மதம் கடந்த காதல்தான் பெரிய முடிச்சு. இருவேறு மதத்தவரின் திருமணத்தைப் பதிவு செய்யக் கோரும் மனுக்களை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. பல ஜோடிகள் வெளிநாட்டில் மணம் முடித்துக்கொள்கிறார்கள், அல்லது ஒருவர் மதம் மாறுகிறார், அல்லது பிரிகிறார்கள்.

எல்லாரும் ஓடுகிறார்கள், மலை ஏறுகிறார்கள். படத்துக்காகவா, உடம்புக்காகவா?

கலந்துதான். ஞாயிறு காலை சுடிர்மான்–தம்ரின் சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். ஓடுகிறவர்களைவிட அவர்களைப் படமெடுத்து விற்கும் புகைப்படக்காரர்கள் நிறையத் தெரிவார்கள். 2024-இல் இன்னும் ஒரு படி மேலே போய், ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் உங்கள் கணக்கில் உங்களுக்காக ஓடித்தரும் வாடகை ஓட்டக்காரர்கள் கிளம்பினார்கள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று. உடம்பு வியர்ப்பது அவர்களுக்கு, பேர் உங்களுக்கு.

மலையில் இந்த விளையாட்டு ஆபத்து. டியெங் பீடபூமியின் பிராவ் மலை 2,500 மீட்டருக்கு மேல். சுலபம் என்று பெயரெடுத்ததால் முதல்முறைக்காரர்கள் ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் போட்டுக்கொண்டு போகிறார்கள். மழையில் நனைந்த பருத்தி காய்வதில்லை. இரவுக் குளிரில் உடல் வெப்பம் இறங்கிப் பேச்சு குழற ஆரம்பிக்கும். பேச்சு குழறினால் முதலில் ஈர உடையை மாற்றுங்கள், அதன்பிறகே மற்றது. மெல்லிய பிளாஸ்டிக் மழையங்கி காற்றில் கிழியும், மேலாடையும் கால்சட்டையும் தனித்தனியாக உள்ளதை எடுங்கள். மாற்று உடை ஒன்று பிளாஸ்டிக் பையில் கட்டியே இருக்கட்டும். கெடே பங்க்ராங்கோ போன்ற தேசியப் பூங்கா மலைகளுக்கு இணைய முன்பதிவு கட்டாயம். வருடத்தில் சில மாதங்கள் பாதையை மூடிவிடுவார்கள், போகுமுன் பாருங்கள்.

அரசியலில் அக்கறை இல்லாத தலைமுறை என்கிறார்களே?

2025-ஐப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிப்ரவரியில் அரசின் செலவுக் குறைப்பை எதிர்த்து 'இருண்ட இந்தோனேசியா' என்ற பெயரில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்டில், சுதந்திரத்தின் எண்பதாவது ஆண்டு விழாவுக்குச் சற்று முன், ஒரு ஜப்பானியப் படக்கதையின் வைக்கோல் தொப்பி அணிந்த மண்டையோட்டுக் கொடி வீட்டு வாசல்களில் பறந்தது. லாரி ஓட்டுநர்கள் தொடங்கிய எதிர்ப்பு அது. அதிகாரிகள் மிரட்ட, கொடி விற்பனை இன்னும் கூடியது.

'முதலில் ஓடிப்போவோம்' என்ற ஹேஷ்டேகைப் பார்த்தேன். நிஜமாகவே போகிறார்களா?

'கபூர் ஆஜா டூலு' என்ற அந்த ஹேஷ்டேக் 2025 பிப்ரவரியில் பரவியது. கோபத்தில் எழுதியவர்கள் பலர், ஆனால் அதன் கீழே நடந்த உரையாடல் பெரும்பாலும் காரிய விஷயம்: எந்த விசா, எந்தத் தேர்வு, எவ்வளவு செலவு. ஜப்பானின் குறித்த திறன் பணியாளர் விசாவுக்கு ஜேஎல்பிடி என்4 அல்லது ஜேஎஃப்டி அடிப்படைத் தேர்வும் (இரண்டும் ஜப்பானிய மொழித் தேர்வுகள்), துறைத் திறன் தேர்வும் தேவை. ஆஸ்திரேலியாவில் விடுமுறையோடு வேலையும் பார்க்க விடும் 462 விசாவுக்கு வயது 18 முதல் 30. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் சராசரி 4.5 போதும்; ஆனால் இந்தோனேசியக் குடிவரவுத் துறையின் ஆதரவுக் கடிதம் வேண்டும், அதன் இடங்கள் திறந்தவுடன் இணையதளம் திணறும். ஜெர்மனியின் தொழிற்பயிற்சிக்குப் பெரும்பாலும் பி1 நிலை ஜெர்மன் கேட்பார்கள். ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

போவதில் கெடுவது தரகர்களால். தேர்வே இல்லாமல் அனுப்புகிறேன் என்பவர், சுற்றுலா விசாவில் ஏறச் சொல்பவர், கம்போடியாவிலோ மியான்மரிலோ 'கணினி வேலை, சாப்பாடு தங்குமிடம் இலவசம்' என்பவர் ஆகிய மூவரையும் தவிர்க்க வேண்டும். கடைசி வகையில் போனவர்கள் இணைய மோசடிக் கூடங்களில் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து அடைபட்டிருக்கிறார்கள். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன் அதன் உரிம எண்ணை மனிதவள அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்த்து, கட்டணத்தைத் தவணையாக மட்டும், ரசீதோடு கட்டச் சொல்லுங்கள். ஒரே தடவையில் முழுத்தொகை கேட்டால் வேறு நிலையம் பார்க்கலாம்.